உடக்கும் உயிரும்
புத்தளக் கரையோரத்து இயங்கு படிமங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அசையாப் பொருளை அசையச் செய்து, அதனுள் உயிர் உண்டு எனக் காண்போரை மயங்கச் செய்யும் கலை தொன்மை வாய்ந்தது. வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், அகத்தே நாணமில்லாதார் உலகில் நடமாடுவதைக் கயிற்றால் இயக்கப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிட்டார். அவர் காலத்திலேயே மரப்பாவையின் ஆட்டம் மக்கள் அறிந்த காட்சியாக இருந்தது என்பதற்கு இவ்வுவமையே சான்றாகும். இக்காலத்தில் அசைவூட்டம் என வழங்கும் கலையை மேனாட்டார் ‘அனிமேசன்’ என்பர். உயிர் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லினடியாகப் பிறந்தது அப்பெயர். குறளும் இலத்தீனும் தம்முள் தொடர்பின்றியே உயிர் என்னும் ஒரே கருத்தில் வந்து நிற்கின்றன.

அசைவூட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சலனப்படக் கருவியிலிருந்தே தொடங்குவர். அக்கருவி தோன்றுவதற்கு முன்னரே படிமங்களை இயக்கிக் கதை சொன்ன மக்கள் இலங்கையின் மேற்குக் கரையில் வாழ்ந்தனர். மன்னார் தொடக்கம் கற்பிட்டி, சிலாபம் ஊடாக நீர்கொழும்பு வரை நீளும் கத்தோலிக்கக் கரையோரத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் பாவைகளின் வாயிலாகக் காட்டும் மரபு வேரூன்றியிருந்தது. மன்னார்த் தமிழர் இதனை உடக்குப் பாஸ் என அழைத்தனர். உடக்கு என்பது ஈண்டு மூட்டுக்கள் பொருத்திய பாவையைக் குறிக்கும். இம்மரபின் தோற்றத்தையும் மாற்றத்தையும் புத்தள மாவட்டக் கரையோரத்தை நடுவாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றுவாய்

போர்த்துக்கேயர் காலத்தில் இக்கரையோர மக்களிற் பெருந்தொகையினர் கத்தோலிக்கராயினர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என விதித்தனர். ஆலயங்கள் பறிபோயின, மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். இந்நிலையில் 1687இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, யோசேப்பு வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் அவர் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்தைத் தம் பணிக்குரிய தளமாகக் கொண்டார். ஒல்லாந்தரின் சட்டம் எட்டாத துறைமுகமாக அன்று புத்தளம் விளங்கியமையே அதற்குக் காரணமாகும். இவரே 2015ஆம் ஆண்டு தை மாதம் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசினால் புனிதராக அறிவிக்கப்பட்டவர்.

வாஸ் அடிகளின் பணியைத் தொடர்ந்தவர்களுள் தலையாயவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1676இல் கோவாவைச் சார்ந்த திவார் தீவிற் பிறந்த இவர், 1705இல் இலங்கை வந்தார். தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே புலமை எய்தி இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். கண்டி மன்னன் வீர நரேந்திரசிங்கனின் மதிப்பைப் பெற்ற அவர், 1742 ஆடி மாதத்தில் போலவத்தையில் இறந்தார். மகா ஓயாவுக்கு வடக்கே அமைந்த அவ்வூர் இன்றைய புத்தள மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது.

அவருடைய தமிழ் நூல்களுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ மக்களிடையே பெருவழக்குப் பெற்றது. சிங்களத்தில் அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது ‘துக்பிராப்தி பிரசங்கய’. கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துரைக்கும் இவ்வுரைநடை, தபசு காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டது. அவ்வாறு வாசித்தலையும் பாடுதலையும் தமிழர் பசாம் என்றும் சிங்களவர் பசன் என்றும் வழங்குவர். பாடுகள் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தவை இவை என்பர்.

இந்நூல்களின் பயனை அக்கால நிலையோடு இயைத்து நோக்குதல் வேண்டும். குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. குரு வராத ஊரில் மூப்பரோ அண்ணாவியாரோ ஏட்டை எடுத்து வாசிக்க முடியும். வாசிப்பைக் கேட்கும் மக்கள் முன் படிமங்களைத் திரை விலக்கிக் காட்டவும் முடியும். கோயிலும் குருவும் இல்லாத சமூகத்துக்கு ஏடும் உடக்குமே கோயிலாயின எனின் மிகையாகாது.

இயக்கும் முறை

உடக்குப் பாஸின் பாவைகள் தோற்பாவைக் கூத்தின் சிற்றுருவங்கள் அல்ல. அவை பெரும்பாலும் ஆளளவினவாய் மரத்திற் செதுக்கப்பட்டு, ஆடை அணிவிக்கப்பெற்றவை. கழுத்து, தோள், முழங்கை முதலிய இடங்களில் மூட்டுக்கள் இருக்கும். மேடையின் கீழும் திரைக்குப் பின்னும் மறைந்து நிற்போர் கயிற்றாலும் கோலாலும் அவற்றை இயக்குவர். பாவை பேசுவதில்லை, பிரசங்கம் வாசிப்பவரும் பசாம் பாடுபவருமே அதன் குரலாவர். சிலுவையில் அறையப்பட்ட உருவம் தோள் மூட்டுக்களில் மடியுமாறு அமைந்திருக்கும். ஆணி கழற்றி இறக்கியபின் அதன் கைகள் உடலோடு சேர்த்து மடக்கப்பட, உருவம் ஆசந்தியில் வளர்த்தப்படும். மக்கள் அதனை இறந்தாரைச் சுமந்து செல்வதுபோற் சுமந்து செல்வர்.

ஐரோப்பாவிலும் இத்தகைய உருவங்கள் வழங்கின. இங்கிலாந்தில் கென்ற் மாநிலத்துப் பொக்ஸ்லி மடத்தில் கண்ணும் தலையும் அசையும் சிலுவை உருவம் ஒன்று இருந்தது. 1538இல் சீர்திருத்தவாதிகள் அதன் பொறியைத் திறந்து காட்டி, இது வஞ்சகம் எனப் பறைசாற்றி அழித்தனர். அங்கே பொறி வெளிப்பட்டதும் பத்தி குலைந்தது. இலங்கைக் கரையோரத்திலோ நிலைமை வேறாகும். கயிற்றை இழுப்பவர் எவர் என்பது ஊரார் அறிந்ததே. அவர் அண்டை வீட்டார். பகலில் வலை இழுக்கும் கையே இரவில் உடக்கின் கயிற்றையும் இழுத்தது. பாவை மரம் என அறிந்தே மக்கள் அழுதனர். அறியாமையால் விளைந்த மயக்கம் வேறு, அறிந்தே ஒப்புக்கொண்ட மயக்கம் வேறு. எல்லாக் கலைக்கும் அடிப்படையாவது பின்னதே.

இன்னொன்றும் நோக்கற்பாலது. மரப்பாவையால் இயல்வன சில அசைவுகளே. தலை சாய்தல், கை உயர்தல், உடல் வீழ்தல் என்பவற்றுக்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் இயலாது. எனவே எந்தச் சொல்லில் எந்த அசைவு நிகழவேண்டும் என்பதே இயக்குவோனின் கலையாயிற்று. நெடுநேரம் அசைவற்று நின்ற உருவம் உரிய சொல்லில் ஒருமுறை தலை சாய்க்குமாயின், அவ்வோர் அசைவே கூட்டத்தைக் கலங்கச் செய்யும். சொல்லும் அசைவும் ஒரே கணத்திற் பொருந்துதல் என்னும் இவ்விதி இன்றைய அசைவூட்டக் கலைஞரும் கைக்கொள்வதாகும்.

மொழி மாற்றமும் பாவையின் மௌனமும்

இக்கரையோரம் இரு மொழிகள் கலந்து வழங்கிய நிலமாகும். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர் சரிதத்தை ஆங்கிலத்தில் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரால் வெளியிட்டமை இந்நிலத்தின் தமிழ்ச் சிறப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. நாடகத் துறையிலும் இக்கலப்பு விளங்கித் தோன்றுகின்றது. மன்னாரில் ‘மூவிராசாக்கள் நாடகம்’ வழங்கியதுபோல, சிலாபத்தைச் சார்ந்த கபிரியேல் பெர்னாண்டோ இயற்றியதாகக் கூறப்படும் ‘ராஜ துங்கட்டுவ’ சிங்களத்தில் வழங்கியது. சிங்கள நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கூத்து மரபினின்று கிளைத்தது என்பதை எதிரிவீர சரச்சந்திர தம் ஆய்வில் எடுத்துரைத்தார். அவ்வடிவத்தைத் தழுவியே அவர் 1956இல் ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். தமிழ்ப் பகுதியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடக ஏடுகளைப் பதிப்பித்து அழியாது காத்தார்.

பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் சிலாபம் தொடக்கம் நீர்கொழும்பு வரையான கத்தோலிக்க மீனவக் குடிகளுட் பெரும்பாலார் படிப்படியாகத் தமிழை விடுத்துச் சிங்களத்தைத் தம் மொழியாகக் கொண்டனர். பாடசாலையின் போதனா மொழியும் வழிபாட்டு மொழியும் சிங்களமாயினமை இம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று. உடப்பு போன்ற ஊர்களிலும், புத்தளம், கற்பிட்டிப் பகுதி முஸ்லிம் மக்களிடையேயும் தமிழ் நிலைத்தது. ஏனைய பல ஊர்களில் பாட்டியின் மொழி பேரனுக்கு விளங்காததாயிற்று.

இம்மாற்றத்தின் நடுவே உடக்கின் நிலை சிந்திக்கத்தக்கது. நாடகம் மொழியால் ஆயது. மொழி மாறின் ஏடும் மாறவேண்டும். உடக்கோ ஊமை. தமிழ்ப் பிரசங்கத்துக்குத் தலை சாய்த்த பாவை சிங்களப் பிரசங்கத்துக்கும் அவ்வாறே தலை சாய்த்தது. கொன்சால்வெஸ் அடிகள் ஒரே பொருளை இரு மொழியிலும் வகுத்துவைத்தமையால் படிமம் மாறாமலே வாசிப்பு மாற முடிந்தது. இது கலையின் வெற்றியா அன்றி ஒரு மொழியின் இழப்பை மறைத்த திரையா என்பது எளிதில் விடைகூறத்தக்க வினா அன்று. காட்சி தொடர்ந்தமையால் ஒன்றும் இழக்கப்படவில்லை என ஊரார் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் ஒரு சமூகம் தன் துயரத்தை எந்தச் சொற்களால் அழுதது என்பதைப் பாவை நினைவில் வைத்திருப்பதில்லை. படிமம் காக்கப்பட்டாற் போதாது, அதனோடு இயைந்த வாசிப்பும் காக்கப்படவேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் முடிபு.

பாவையின் இடத்தில் மனிதர்

1923இல் வென்னப்புவைக்கு அணித்தான பொரலஸ்ஸவில் கே. லோரன்ஸ் பெரேரா பாடுகளின் நாடகத்தை மனித நடிகரைக் கொண்டு மேடையேற்றினார். ஜேர்மனியின் ஒபரம்மர்கௌ கிராமத்தார் 1633இல் கொள்ளைநோயிலிருந்து தப்பவேண்டி நேர்ந்துகொண்டு, 1634 முதல் நடித்துவரும் பாஸ்கு நாடகம் அவருக்கு முன்மாதிரியாயிற்று. படிமங்கள் நின்ற இடத்தில் உயிருள்ள மனிதர் நின்று பேசியது இக்கரையோரத்தார்க்குப் புதுமையாகும். தெய்வத்தின் உருவை மரம் தாங்கலாம், மனிதன் தாங்கலாமோ என்னும் தயக்கம் ஒருபுறம் எழுந்திருத்தல் இயல்பே. பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றபோது திருச்சபைத் தலைமையோடு பிணக்கும் நேர்ந்தது. மரத்தாலான மரியாளை இயக்குவது எவருக்கும் குற்றமாகத் தோன்றியதில்லை. பெண்ணொருத்தி மரியாளாக நிற்பதே குற்றமாயிற்று. உடக்கு மரபின் நெடிய செல்வாக்கு இதனாற் புலனாகும். நீர்கொழும்பை அடுத்த தூவவிலும் படிமங்களின் இடத்தைக் காலப்போக்கில் நடிகர் பெற்றனர். மன்னார்ப் பேசாலை உடக்குப் பாஸுக்குப் பெயர்பெற்ற ஊராக விளங்கியது.

சலனப்படமும் மீளும் பாவையும்

இந்தியச் சலனப்படத்தின் பிறப்பிலும் பாடுகளின் காட்சிக்கு ஓர் இடம் உண்டு. 1910ஆம் ஆண்டையொட்டிப் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டிய படமொன்றைக் கண்ட தாதாசாகிப் பால்கே, நம் புராணங்களையும் இவ்வாறு காட்டவேண்டும் எனத் துணிந்தார். 1912இல் விதையொன்று முளைத்துச் செடியாவதைப் படிப்படியாகப் படம் பிடித்துச் சேர்த்துக் காட்டினார். 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. 1915இல் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து அவை தாமே ஆடுவதாகக் காட்டினார். இந்திய அசைவூட்டத்தின் தொடக்கமாக இதனைக் கொள்வர். கயிற்றால் இயங்கிய மரம் பின்னர்க் கயிறின்றியே இயங்கலாயிற்று. கயிற்றின் தொழிலை ஒளிப்படச் சுருள் ஏற்றது.

ஒரு நூற்றாண்டின் பின், 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ நடிகரின் உடலசைவைக் கருவிகளாற் பதிந்து கணினி உருவங்களுக்கு ஊட்டிய தமிழ்ப் படமாகும். பொரலஸ்ஸவில் பாவையின் இடத்துக்கு மனிதன் வந்தான். இங்கோ மனிதனின் அசைவு மீண்டும் பாவைக்கே சென்றது. மறைந்து நின்று இயக்குவோன், இயங்கும் உரு, குரல் கொடுப்போன் என்னும் மூவரின் கூட்டு இன்றும் மாறவில்லை. உடக்கின் கீழ் நின்றவரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. இன்று படத்தின் இறுதியில் ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்களையும் எவரும் இருந்து வாசிப்பதில்லை.

அசைவூட்டக் கலையைக் கற்கும் நம் இளைஞர் அதனை முற்றும் வேற்று நாட்டுச் சரக்கு எனக் கருதுவது பொருந்தாது. அதன் அடிப்படைகள் போலவத்தை தொடக்கம் பேசாலை வரையான மணற்கரையில் மூன்று நூற்றாண்டுகளாகப் பயிலப்பட்டவை. எஞ்சியுள்ள உடக்குகளை அளந்து வரைதல், மூட்டமைப்பைப் பதிவு செய்தல், இயக்கியவர்களின் சொற்களையும் பசாம் இராகங்களையும் ஒலிப்பதிவு செய்தல் என்பன உடன் செய்யத்தக்க பணிகளாம். மரம் உப்புக் காற்றிலும் கறையானிலும் அழியக்கூடியது. கயிறு பிடித்த கைகளோ அதனினும் விரைந்து மறைவன. அவை மறையுமுன் இப்பணி தொடங்கப்பெறுமாயின், உயிரற்றதற்கு உயிரூட்டிய அம்மக்களின் கலைக்குப் பிற்சந்ததியார் செய்யும் கைம்மாறாக அது அமையும்.