நனைய மறுக்கும் மண்ணும் ஹாங்காங் சரிவுகளும்

ஹாங்காங்கில் மலையை வெட்டிய சரிவுகள் மீது நெடுங்காலமாகப் பூசப்பட்டு வந்த காரைக்குப் பெயர் ‘சுனாம்’. தமிழின் சுண்ணம்தான் ஆங்கிலத்தில் ஏறித் தென்சீனக் கடற்கரை வரை போயிருக்கிறது. ஒரு பங்கு சிமென்ட், 3 பங்கு சுண்ணாம்பு, 20 பங்கு சிதைந்து மண்ணான கருங்கல்: இந்தக் கலவை மழைநீரை உள்ளே விடாது என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அவசியம் இருந்தது. 1972 ஜூன் 18 அன்று, ஒரே நாளில், சாவ் மாவ் பிங்கில் 71 பேரும் போ ஷான் சாலையில் 67 பேரும் நிலச்சரிவில் இறந்தார்கள். 1976 ஆகஸ்டில் சாவ் மாவ் பிங்கிலேயே மீண்டும் 18 பேர். சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் 1977இல்தான் அமைந்தது.

மழை ஏன் மலையைச் சரிக்கிறது? முழுதும் நனையாத மண்ணில், துகள்களுக்கு இடையே தங்கும் கொஞ்சம் நீர் அவற்றை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கிறது. செங்குத்தான சரிவு பல இடங்களில் நிற்பதே இந்த உறிஞ்சுவிசையால்தான். நீர் மேலும் இறங்கினால் பிடி தளர்ந்துவிடும். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லம்ப் 1960களின் தொடக்கத்திலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

காரை விரிசல் விட்டால் நீர் உள்ளே போகும். போனது ஆவியாகி வெளியேற வழி குறைவு. இங்கேதான் நீர்விலக்கும் மண் கவனத்துக்கு வருகிறது. துகள்கள் மேல் சிலேன் போன்ற வேதிப்பொருளை மெல்லிய படலமாக ஏற்றினால் மண் நனைய மறுக்கும். ஆனால் காற்றும் நீராவியும் வந்துபோகும். ஹாங்காங் ஆய்வாளர்கள் மாதிரிச் சரிவுகளில் செயற்கை மழை பெய்வித்தபோது ஊடுருவல் குறைந்தது, வழிந்தோடும் நீர் கூடியது.

இதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. நனையாத துகளுக்கு உறிஞ்சுவிசையின் பிடியும் இல்லை. மழைத்துளி விழுந்தால் துகள் எளிதில் தெறித்துப் போகும். வழிந்தோடும் நீர் அதை அரித்துச் செல்லும். சரி, மேலே சாதாரண மண் போட்டுப் புல் வளர்க்கலாமே என்றால், அந்தச் சோதனையை இயற்கை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவின் புதர்க்காடுகள் எரியும்போது, இலைக்குப்பையின் மெழுகுப் பொருள்கள் ஆவியாகிக் கீழே குளிர்ந்த மண்ணில் படிகின்றன. ஆய்வாளர் லெனார்ட் டிபானோ 1960கள் முதல் ஆராய்ந்த அமைப்பு இது: மேலே நனையும் மண், கீழே நனையாத படலம். மழை பெய்தால் மேல்மண் ஊறி, இறங்க இடமின்றி, படலத்தின் மேலேயே வழுக்கிப் போகிறது. பொறியாளர் அதே அமைப்பைக் காசு கொடுத்துக் கட்டுவதில் பொருளில்லை. மேல்மண் போடுவதானால் அது மெலிதாக இருக்க வேண்டும். தேங்கும் நீரை உடனே வெளியேற்றும் வடிகாலும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

இன்னொரு எல்லையைச் சிறு கணக்கே சொல்லிவிடும். நீர் மண்துகளோடு 110 பாகைக் கோணத்தில் நிற்கிறது என்று கொள்வோம். 0.1 மி.மீ. ஆரமுள்ள நுண்துளை, தன் மேல் ஏறத்தாழ 5 செ.மீ. நீர் நிற்கும்வரை தாங்கும். ஆரம் 1 மி.மீ. ஆனால் தாங்குவது 5 மில்லிமீட்டர்தான். செத்த வேர் விட்டுப்போன ஓட்டை போதும், தடுப்பு உடைய. சாய்ந்த முகத்தில் நீர் தேங்காது என்பதால் இந்த மண் அங்கே நன்றாக உழைக்கும். சரிவின் உச்சியிலும் இடையிலுள்ள சமதளப் படிகளிலும் நீர் நிற்கும். அங்கே கான்கிரீட் வடிகாலை அகற்றிவிட்டு இதை நம்புவது ஆபத்து. ஆகவே இது காரைக்கு முழு மாற்று அன்று. முகத்துக்கு மட்டும் உரிய உறை.

ஆய்வகத்தில் பெரிதும் பயன்படும் டைமெத்தில்டைகுளோரோசிலேன் நீரோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது. குடியிருப்புக்குப் பின்னால் நிற்கும் சரிவில் அதைக் கலப்பதை ஏற்க முடியாது. தாவர எண்ணெய் போன்ற மாற்றுகள் பக்கம் ஆய்வு நகர்வது இதனால் வரவேற்கத்தக்கது. எதைப் பூசினாலும் அது பல மழைக்காலங்களைத் தாண்டி நிலைக்கிறதா என்று களத்தில் பார்த்தாக வேண்டும். அதற்கான முதல் சோதனை எளியது: மண் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, அது உறிஞ்சப்படும் நேரத்தை எண்ண வேண்டும். 5 விநாடிக்குள் மறைந்தால் மண் நனையத் தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் மழை முடிந்ததும், படிகளின் விளிம்பிலும் வேர்க்குழிகளின் ஓரத்திலும் அந்தச் சொட்டை முதலில் விட்டுப் பார்க்கலாம்.