அலைப் பாறை

ஆங்கிலத்தில் வேவ் ராக் என வழங்கும் அலைப் பாறை, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹைடன் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே சுமார் 4 கி.மீ. தொலைவில் உள்ள கருங்கல் சரிவு. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர்; நீளம் 110 மீட்டர். அடிப்பகுதி உள்வாங்கியும் மேல்விளிம்பு முன்னோக்கிக் கவிந்தும் இருப்பதால், எழும்பி உடையப்போகும் கடலலையின் தோற்றம் இதற்கு வாய்த்திருக்கிறது. கடற்கரை இங்கிருந்து வெகுதூரம். பெர்த் நகரிலிருந்து சாலை வழியே சுமார் 340 கி.மீ. உள்ளே வர வேண்டும். சுற்றிலும் கோதுமை விளையும் நிலங்களும் உவர் ஏரிகளுமே காணப்படும்.

படங்களில் பார்ப்பவர்கள் இதைத் தனித்து நிற்கும் ஒரு பாறை என்றே நினைப்பார்கள். உண்மையில் இது ஹைடன் பாறை எனப்படும் பெரிய மொட்டைக் குன்றின் வடபுறச் சரிவு மட்டுமே. குன்றின் கருங்கல், யில்கார்ன் எனப்படும் மிகப் பழைய நிலத்திட்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 260 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியதால் உண்டானது. இது கல்லின் வயதுதான். அலை வடிவம் அதற்கு நெடுங்காலம் பின்னர் வந்தது. சுற்றுலாக் குறிப்புகள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அலைக்கே இருநூற்று அறுபது கோடி வயது என்று எழுதிவிடுகின்றன.

வடிவம் உருவான விதம்

காற்று செதுக்கியது என்பது பரவலான நம்பிக்கை. பழங்காலத்துக் கடல் மோதிக் குடைந்தது என்பாரும் உண்டு. இரண்டும் தவறு. இந்த வளைவைக் குடைந்தது மண்ணுக்குள் தங்கிய ஈரம்.

மொட்டைப் பாறைமேல் விழும் மழைநீர் உள்ளே இறங்க இடமில்லாமல், கூரையில் விழுந்த மழை இறவாணத்தில் வடிவதுபோல, குன்றின் அடிவாரத்தில் வந்து சேர்கிறது. அங்குள்ள மண் அதை உறிஞ்சி நெடுநாள் வைத்துக்கொள்கிறது. மேற்பகுதி மழை நின்றதும் காய்ந்துவிடும். மண்ணில் புதைந்த அடிப்பகுதியோ எப்போதும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அந்த ஈரம் கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் ஆகிய கனிமங்களை மெல்ல மெல்லக் களிமண்ணாக்குகிறது. கரையாத குவார்ட்ஸ் மணல்மணலாக உதிர்கிறது. மேல்மண் கோடையில் உலர்ந்துவிடுவதால் அங்கே சிதைவு குறைவு. சற்றுக் கீழே ஈரம் நிலைப்பதால் சிதைவு அதிகம். ஆகவே பாறை நிலத்தடியிலேயே உள்நோக்கிக் குழிகிறது. பின்னர் அடிவார நிலம் அரிக்கப்பட்டுத் தாழும்போது, மட்கிய பகுதி அடித்துச் செல்லப்பட்டு, கெட்டியான கல்லின் குழிந்த முகம் வெளியே தெரிகிறது. இப்படி உருவாகும் சரிவுகளைப் புவியியலாளர்கள் விரிமுகச் சரிவுகள் என்ற வகையில் வைக்கிறார்கள்.

இரு கட்டமாக நடக்கும் இந்தச் செயலைத் தெளிவாக விளக்கியவர் அடிலெய்டைச் சேர்ந்த நிலவுருவியல் அறிஞர் சி. ஆர். ட்விடேல். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஏர் தீபகற்பத்திலுள்ள குன்றுகளைப் பற்றி 1962-இலும், ஹைடன் அலைப் பாறையைப் பற்றி 1968-இலும் அவர் எழுதினார். ஏர் தீபகற்பத்தில் நீர்த்தேக்கத்துக்காக ஒரு குன்றின் அடிவாரத்தைத் தோண்டியபோது, அதுவரை மண்ணுக்குள் மறைந்திருந்த பாறை முகம் ஏற்கெனவே வளைந்திருந்தது தெரிந்தது. காற்றுக் கொள்கைக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை. அதே தீபகற்பத்தில் மின்னிப்பா அருகிலுள்ள பில்டாப்பா பாறையும் இவ்வாறே வளைந்து நிற்கிறது. கூட்டம் அங்கே குறைவு. அழகில் அது ஹைடனுக்கு இளைத்ததில்லை.

நிறங்கள்

பாறை முகத்தில் மேலிருந்து கீழாகச் செம்மை, மஞ்சள், பழுப்பு, சாம்பல், கருமை எனப் பட்டைகள் ஓடுகின்றன. குன்றின் மேலிருந்து வடியும் நீர் இரும்புச் சேர்மங்களையும் பிற கனிமங்களையும் கொண்டுவந்து படியவிடுகிறது. நீர் ஓடும் தடங்களில் பாசியும் லைக்கனும் வளர்ந்து கரும்பட்டைகளை உண்டாக்குகின்றன. வெயிலின் சாய்வுக்கேற்ப நாள்முழுதும் இந்நிறங்கள் மாறிக்கொண்டிருக்கும். மழைக்குப் பின் அவை அடர்ந்து தெரியும்.

மக்களும் பாறையும்

இது நூங்கார் மக்களைச் சேர்ந்த பல்லார்டாங் குழுவினரின் நிலம். நிலத்தின் நீரையெல்லாம் குடித்து உப்பிய வானவில் பாம்பு, தன் உடலை இழுத்துச் சென்ற தடமே இப்பாறை என்று அவர்கள் மரபாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நீரைச் சுற்றியே கதை அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. இந்த வறண்ட நாட்டில் பாறைக்குன்றுகளின் உச்சியிலுள்ள சுனைகளே பழங்குடியினரின் நீர்நிலைகளாக இருந்தன.

பின்னால் வந்து குடியேறிய உழவர்களும் பாறையை நீருக்காகவே நாடினார்கள். அலையின் மேல்விளிம்புக்கு மேலே, குன்றின் வளைவை ஒட்டி ஒரு தாழ்வான சுவர் ஓடுகிறது. பாறைமேல் விழும் மழையைத் திருப்பி அணையில் சேர்ப்பதற்காக 1928-இல் அதைக் கட்டினார்கள். 1951-இல் அது புதுப்பிக்கப்பட்டது. படம் எடுப்பவர்கள் பலர் அந்தச் சுவர் விழாதபடி கோணம் பார்க்கிறார்கள். அது தேவையில்லாத கூச்சம். மழையை நம்பி வாழ்ந்த ஓர் ஊர் ஒரு குன்று முழுவதையும் நீர்ப்பிடிப்பாக மாற்றிய அறிவின் அடையாளம் அது. அலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

1960-கள் வரை உள்ளூர்க்காரர்களுக்கு அப்பால் இப்பாறையை அறிந்தவர்கள் சிலரே. ஜே ஹாட்ஜஸ் எடுத்த வண்ணப்படம் 1964-இல் நியூயார்க்கில் நடந்த சர்வதேசப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்று, பின்னர் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழிலும் வெளிவந்தது. அதன் பிறகே உலகின் பார்வை இங்கே திரும்பியது. இப்போது ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள்.

பார்க்கச் செல்வோர்க்கு

பெர்த்திலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரப் பயணம். ஒரே நாளில் போய்த் திரும்புவோர் உண்டு. ஆனால் ஓர் இரவு தங்கினால்தான் மாலை வெயிலையும் காலை வெயிலையும் பாறைமேல் காண முடியும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காட்டுப்பூக்கள் மலரும் காலம். வெயிலும் மிதமாக இருக்கும். டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு, ஈத்தொல்லையும் அதிகம்.

அலையின் கீழே நின்று படமெடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவது பெரும்பாலோர் வழக்கம். குன்றின் மேலே ஏறாமல் இதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சுனைகள், உரிந்து கிடக்கும் பாறைப் பாளங்கள், நீர்ச்சுவர், தொலைவில் வெளுத்துத் தெரியும் உவர் நிலம் ஆகியவை அங்கிருந்துதான் புலப்படும். மேல்விளிம்பை நெருங்கக் கூடாது. ஈரமான பாறை வழுக்கும். அடிவாரத்தை ஒட்டிய பாதையில் கிழக்கே சுமார் ஒரு கி.மீ. நடந்தால், நீர்யானை வாய் பிளந்தாற்போன்ற ஹிப்போஸ் யான் என்ற குடைவுப் பாறை இருக்கிறது.

வடக்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ளது முல்கா குகை. கையைச் சுவரில் வைத்து அதைச் சுற்றி வண்ணம் ஊதிப் பதித்த கைத்தடங்கள் உட்பட நானூறுக்கும் மேற்பட்ட ஓவியப் பதிவுகள் அங்கே உள்ளன. மாறுகண்ணோடு பிறந்ததால் வேட்டையில் குறி தப்பி, பசியில் பிள்ளைகளைப் பிடித்துத் தின்னத் தொடங்கிய முல்கா என்பவனின் கதை இக்குகையோடு சேர்ந்து வழங்குகிறது. ஹைடன் வரை வந்தவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

குகைச் சுவரில் விரல் பட்டாலும் ஓவியங்கள் கெடும்; தொடாதீர்கள். குன்றின் மேல் கிடக்கும் பாளங்களைப் புரட்டவோ அடுக்கி விளையாடவோ வேண்டாம். அவற்றின் அடியிலுள்ள இடுக்குகளில்தான் பாறை ஓணான்கள் வாழ்கின்றன.