கறியமுதும் கறியும்: திருப்பதிக் கல்வெட்டு முதல் இன்றைய வழக்கு வரை

'கறி' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் மிளகைக் குறிக்கும். திருமலை–திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளிலோ அதன் பொருள் வேறு. பெரும்பான்மையும் தமிழில் அமைந்த இக்கல்வெட்டுகளில் படையற் செலவைக் கூறுவன, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவற்றோடு கறியமுதையும் குறிப்பிடுகின்றன. இங்கு 'அமுது' இறைவனுக்கு உரியது என்னும் மதிப்பை உணர்த்த, 'கறி' காய்கறியைச் சுட்டுகிறது. வைணவ இல்லங்களில் இச்சொல் இன்றும் வழங்குகிறது.

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் 'கறி' எனத் தனித்துக் கூறின் பெரும்பாலும் இறைச்சியே பொருளாகும். பழம்பொருள் 'காய்கறி' என்னும் கூட்டுச்சொல்லில் எஞ்சியுள்ளது. ஈழத்தமிழர் இதனை 'மரக்கறி' என வேறுபடுத்துவர்.

1911இல் உருவான சித்தூர் மாவட்டமும், அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பிரித்து 2022இல் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டமும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியைச் சார்ந்தவை. தெலுங்கில் 'கூர' சோற்றோடு உண்ணும் காய், கீரை, இறைச்சி வகைகளுக்குப் பொதுப்பெயர். கீரை 'ஆகுகூர', காய்கறி 'கூரகாயலு', கோழிக்கறி 'கோடிகூர' எனப்படும். எனவே தமிழ்க் 'கறி'யும் தெலுங்குக் 'கூர'வும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று ஈடாகா.

1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதி, ஆங்கிலக் 'கரி'யின் மூலம் தமிழ்க் 'கறி' என்றது. ஆயினும் ஆங்கிலச்சொல் மசாலாச் சாறுடைய உணவு என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது.

கறியமுதை ஆங்கிலக் 'கரி' என மொழிபெயர்த்தால் கல்வெட்டில் இல்லாத மசாலாச் சாறு புகும். இன்றைய பேச்சுப்பொருளில் கொண்டாலோ கோயிற் படையலில் இறைச்சி புகுந்துவிடும். மூலச்சொல் தமிழே என்பதால் பொருளும் மாறாதது எனக் கொள்ளலாகாது. காலமும் இடமும் நோக்கிக் 'காய்கறிப் படையல்' எனப் பெயர்ப்பதே பொருந்தும்.