பத்தொன்பது பேர் இருந்தால் பி.எஃப். இல்லை!

குந்தாவில் ஒரே தேயிலைக் கொழுந்து இரண்டு பேர் கைக்குப் போகிறது. காலையில் ஒரு அம்மா சிறு விவசாயியின் தோட்டத்தில் அதைப் பறிக்கிறார். பிறகு கூட்டுறவுத் தொழிற்சாலையில் இன்னொருவர் அதை வாட்டி அரைக்கிறார். இரண்டாமவர் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள். பறித்த அம்மாவுக்குப் பெரும்பாலும் அது இல்லை. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. சட்டத்தில் இருக்கும் ஒரு எண்தான் காரணம்.

கொஞ்சம் பின்னால் போவோம். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தபோது தேயிலைக்கு அதில் இடமே கிடையாது. சிமெண்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்று ஆறே தொழில்கள். அதிலும் 50 பேராவது வேலை செய்ய வேண்டும். தொழிலாளியிடம் 6.25 சதவீதம், முதலாளியிடம் அதே அளவு. (விநோதமான எண்ணாகத் தெரிகிறதா? ரூபாய்க்கு 16 அணா இருந்த காலம் அது. ரூபாய்க்கு ஒரு அணா, அவ்வளவுதான்!) தேயிலைத் தோட்டங்கள் உள்ளே வந்தது 1957-ல். அசாம் மட்டும் விலக்கு, அவர்கள் 1955-லேயே தனிச்சட்டம் போட்டுவிட்டார்கள். 1960-ல் 50 என்பது 20 ஆகக் குறைந்தது.

வீடு, மருத்துவம் தரச்சொன்ன 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் இதே கதைதான். 25 ஏக்கரும் 30 ஆட்களும் இருந்தால்தான் அது பொருந்தும் என்றார்கள். 1981-ல் அதை 5 ஹெக்டேர், 15 ஆள் என்று குறைத்தார்கள். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அப்போதும் வெளியேதான்.

அந்தச் சிறு விவசாயிகளுக்காக 1962-ல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. இன்று இன்ட்கோசர்வ் குடையின்கீழ் இருக்கும் தொழிற்சாலைகளில் முதலாவது இதுதான். கூட்டுறவுச் சங்கங்களுக்கு பி.எஃப். சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. 50 பேருக்குக் குறைவாக இருந்து, மின்சாரம் போன்ற விசை இல்லாமல் இயங்கினால் விலக்கு. தேயிலை அரைக்க மெஷின் இல்லாமல் முடியுமா? அதனால் தேயிலைத் தொழிற்சாலைக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

பி.எஃப். என்றால் என்னவென்று தெரிந்தே நீலகிரிக்கு வந்தவர்களும் உண்டு. இலங்கையில் 1958-லேயே இதற்குச் சட்டம் இருந்தது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் சேமநிதியையும் பணிக்கொடையையும் கூடவே கொண்டுவரலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ஒரு தலைமுறை தேயிலை பறித்ததற்குக் கணக்கு அந்தப் பணம்தான்.

முதலாளி பக்கம் வருவோம். பணத்தைவிட அவர்களைப் படுத்தியது பேப்பர்தான்! புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிவம் 5, விலகியவர்களுக்குப் படிவம் 10, மாதக் கணக்குக்கு 12ஏ, வருட முடிவில் ஆளுக்கொரு 3ஏ, எல்லாம் சேர்த்து 6ஏ. பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் வட்டி, அபராதம். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1973-ல் தண்டனைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 1997-ல் விகிதம் பொதுவாக 12 சதவீதம் ஆனது. தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது சின்ன முதலாளிக்கு இது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2012-ல் இந்தப் படிவங்கள் போய் ஆன்லைன் ரிட்டர்ன் வந்தது. 2014-ல் ஆளுக்கொரு நிரந்தர எண் கிடைத்தது. அதுவரை ஒருவர் தோட்டம் மாறினால் பி.எஃப். எண்ணும் மாறும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 20 என்ற எண்ணை விட்டுவிடவில்லை.

இன்னொரு விஷயம். 1952 சட்டத்தின்படி ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம், பின்னால் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. அதனால்தான் இருபதாவது ஆளை எடுக்க முதலாளிகள் அவ்வளவு யோசித்தார்கள். 20 பேர் இல்லாவிட்டாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் தாமாகச் சேரலாம் என்றும் அதே சட்டம் வழி வைத்திருந்தது. ஆனால் பறிக்கும் அம்மாவுக்குத் திங்கட்கிழமை ஒரு தோட்டம், செவ்வாய்க்கிழமை இன்னொரு தோட்டம். அவருக்காகப் படிவம் நிரப்ப வேண்டிய முதலாளி இவர்தான் என்று யாரைச் சொல்வது?