துரத்திய நாயும் ஓடிய நரியும்

உங்கள் வீட்டில் நாய் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் அதைக் கூப்பிட்டுக் காது மடலைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், தொடைச் சந்தில். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக, பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது பசியோடு இருக்கிற உண்ணி. சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருந்தால், சாப்பாடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். (ஆமணக்குக்கு லத்தீனில் 'ரிஸினஸ்' என்று பெயர். அந்த வார்த்தைக்கு அர்த்தமே உண்ணிதான்!)

முசிறி வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'வாரா வாரம் குளிப்பாட்டுறேன், பவுடர் போடுறேன். ஆனாலும் உண்ணி போகமாட்டேங்குதே, ஏன்?' முசிறி என்றதும் யவனர்கள் மிளகு வாங்க வந்த துறைமுகத்தை நினைத்துவிடாதீர்கள். அது கேரளக் கரை. இது குளித்தலைக்கு எதிர்க்கரையில், கோரையும் வாழையும் விளைகிற காவிரிக்கரை முசிறி. கேள்வி சின்னதுதான். ஆனால், பதிலில் பாதியை நூறு வருஷத்துக்கு முன்பு நம்ம கிண்டியில் இருந்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் அமெரிக்காவுக்கு ஒரு நடை. அங்கே மாடுகள் 'டெக்ஸாஸ் காய்ச்சல்' வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு பேர், அந்த நோயைப் பரப்புவது உண்ணிதான் என்று 1893-ல் நிரூபித்தார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் பார்த்ததற்கு நாலு வருஷம் முந்தி! ஆனாலும் கொசுவுக்குக் கிடைத்த புகழ் உண்ணிக்குக் கிடைக்கவில்லை.

சரி, கிண்டிக்கு வருவோம். அங்கே 1899-ல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட்டில் பொறுப்பிலிருந்தவர் கிறிஸ்டோபர்ஸ். மலேரியா ஆராய்ச்சியில் பெரிய பெயர். இந்த மனுஷர் உண்ணியை அறுத்து அறுத்துப் பார்த்தார். நாயின் ரத்தச் சிவப்பணுவைத் தின்கிற கிருமி, சாதாரண நாய் உண்ணிக்குள் எப்படி வளர்கிறது என்று 1907-ல் விரிவாக எழுதினார்.

அடுத்து வந்தவர் கேப்டன் பாட்டன் (நிஜமாகவே அதுதான் பெயர்!). அன்றைய மதராஸ் துரைமார்களுக்கு 'மெட்ராஸ் ஹன்ட்' என்றொரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் குள்ளநரியை விரட்டுவதுபோல, இங்கே குதிரைமேல் ஏறி, வேட்டை நாய்க் கூட்டத்தை ஏவி, நம்ம ஊர் நரியை விரட்டுவார்கள். அந்த நாய்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பாட்டன், ஏற்கெனவே தெரிந்த கிருமியைவிடச் சின்னதாகப் புதிதாக ஒன்று இருப்பதைக் கவனித்தார். நரியின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே கிருமி! துரத்தியவன் உடம்பிலும் ஓடியவன் உடம்பிலும் ஒரே விருந்தாளி. 1910-ல் அதற்கு 'கிப்சோனை' என்று பெயர் சூட்டினார். இன்றைக்கு ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை நாய் டாக்டர்களைப் படுத்துகிற 'பபேசியா கிப்சோனை' முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது மதராஸ் நாய்களிடம்தான். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை!

நரியிலிருந்து நாய்க்கு அதைக் கொண்டுபோனது எது? விடை வர 1937 ஆயிற்று. சி.எஸ். சுவாமிநாத், ஷார்ட் இருவரும் 'ஹீமபைசாலிஸ் பைஸ்பினோசா' என்ற உண்ணியைப் பிடித்துக் கொடுத்தார்கள். வாயில் நுழையாத பெயர். ஆனால் நமக்குத் தெரிந்த ஆசாமிதான். புல்லில் காத்திருந்து ஆடு, மாடு மேல் தொற்றிக்கொள்கிற சின்ன உண்ணி.

ஆக, முசிறி நண்பரே, உங்கள் எதிரி ஒன்றல்ல, இரண்டு. வயல் வரப்பிலும் மாட்டுக்கொட்டகையிலும் ஏறுவது ஒன்று. இன்னொன்று, பழுப்பு நாய் உண்ணி, உங்கள் வீட்டிலேயே குடித்தனம் நடத்துகிறது. ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஏறி ஒளிந்துகொள்ளும். அங்கேயே தோலுரித்து, மறுபடி நாயைத் தேடி வரும். பெண் உண்ணி ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கு மேலேகூடப் பட்டினி கிடக்கும். நீங்கள் நாயைக் குளிப்பாட்டும்போது அது சுவருக்குள்ளிருந்து வேடிக்கை பார்க்கிறது!

அதனால் நாய்க்கு மருந்து போடுகிற அன்றைக்கே, அது படுக்கிற சாக்கை வெந்நீரில் போட்டு அலசுங்கள். கோரைப்பாயை உதறி வெயிலில் காயவிடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசிவிடுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். இப்போது உண்ணிக்கென்றே மாத்திரைகள் வந்துவிட்டன; எடை பார்த்து டாக்டர்தான் தரவேண்டும். வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்தை நாய் மேல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் நக்குமே சார்! உண்ணியோடு நாயும் போய்விடும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினால், பூனை வலிப்பு வந்து செத்துப்போகும்.

நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்து, உடம்பு கொதித்தால் தாமதிக்காதீர்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனாலும் அப்படித்தான். மூக்கில் ரத்தம் வந்தால் அது எர்லிக்கியா என்ற இன்னொரு உண்ணி நோயாக இருக்கலாம். வியட்நாம் போரில் 1968-க்கும் 1970-க்கும் இடையில் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க ராணுவ நாய்களைச் சாய்த்தது அதுதான். அதற்கு டாக்ஸிசைக்ளின் கேட்கும், சுமார் நாலு வாரம் விடாமல் கொடுத்தால். கிப்சோனைக்கு மருந்து வேறு. அதனால் காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எதுவும் தெரியவில்லையென்றால் பி.சி.ஆர். சோதனை உண்டு.

கிப்சோனை வந்து தேறிய நாயின் ரத்தத்தில் கிருமி பல மாதம், ஏன் ஆயுள் முழுக்கக்கூட ஒளிந்திருக்கும். என்றைக்காவது அதன் ரத்தத்தை வேறு நாய்க்கு ஏற்ற வேண்டி வந்தால், டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.