பத்துக் கையெழுத்து



மேலவளவு ஈகியரை நினைக்கும் மேடையில் தேர்தல் சட்டத்தின் ஒரு சிறு பிரிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். யார் வென்றார், யார் தோற்றார் என்று நாமெல்லாம் விடிய விடியப் பேசுகிறோம். வாக்குச்சீட்டில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் ஏறாமலே போகிறது என்பது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை.

நெமிலிச்சேரி உள்ள திருவள்ளூர் நாடாளுமன்றத் தனித் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். சுயேச்சை என்றாலும், பதிவு மட்டும் பெற்ற சிறு கட்சி என்றாலும், தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 12,500. தோற்றவர் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றால் அந்தப் பணமும் போயிற்று.

இந்தப் பத்து 1996இல் வந்தது. அந்த ஆண்டு மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். தங்கள் கோரிக்கையை எவரும் காதில் வாங்கவில்லை என்று காட்ட விவசாயிகள் செய்த வேலை அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது இன்று எவருக்கும் நினைவில்லை, எண்ணிக்கை மட்டும் வேடிக்கைச் செய்தியாக நின்றுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மக்களவை டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. நமக்கு 250 என்றிருந்தது 5,000 ஆனது. மொடக்குறிச்சி ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டோம். கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற வாதம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் இருபது மடங்கு என்பது யாருக்குச் சுமை, யாருக்குச் சில்லறை?

குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இதே கதைதான். 1967இல் 17 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட இல்லை. 1974இல் முன்மொழிய பத்து, வழிமொழிய பத்து உறுப்பினர்கள் வேண்டும் என்றார்கள். 1997 ஜூனில் அது ஐம்பது, ஐம்பது ஆயிற்று, டெபாசிட் 15,000. அடுத்த மாதத் தேர்தலில் கே.ஆர். நாராயணனும் டி.என். சேஷனும் மட்டுமே நின்றார்கள். நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவர் அப்படித் தேர்வானார். அந்த ஜூன் மாதத்தின் 30ஆம் நாளுக்குப் பிறகு வருவோம்.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. 1968இல் ஓஹையோ மாநிலம் புதுக் கட்சியிடம் 4,33,100 கையெழுத்துக் கேட்டது. உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. அந்த வழக்கால் வாக்குச்சீட்டில் ஏறியவர் யார் தெரியுமா? கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற ஜார்ஜ் வாலஸ். அத்தனை லட்சம் கையெழுத்தையும் அவர் ஆட்கள் திரட்டியிருந்தார்கள், தேதிதான் தவறியிருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போட்டவரின் வீட்டை யாரும் கொளுத்தவில்லை.

அவருடைய அலபாமா மாநிலத்திலேயே லவுண்ட்ஸ் என்றொரு மாவட்டம். மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகவே பண்ணையார்கள் குத்தகைக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்கள் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அம்மக்கள் தனிக் கட்சி கட்டி 1966இல் தேர்தலில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்த இடம் என்பதால் சின்னம் வேண்டியிருந்தது. எதிரே ஆளுங்கட்சியின் சேவல். அதன்மேல் வெள்ளையர் மேலாதிக்கம் என்ற வாசகம் பல்லாண்டு பொறித்திருந்தது. இவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. எல்லா இடத்திலும் தோற்றார்கள். ஆனால் கட்சி அங்கீகாரத்துக்குத் தேவையான 20 விழுக்காட்டைத் தாண்டினார்கள்.

நம் சிறுத்தைகளின் கதை இதைவிட நீளம். தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் முதன்முதலாகக் களமிறங்கியபோது சின்னம் த.மா.கா.வின் சைக்கிள்; 2001இல் உதயசூரியன். இன்னொரு கட்சியின் சின்னத்தில் நின்றால், வென்றாலும் அந்த வாக்கு அக்கட்சியின் கணக்கில்தான் ஏறும். அங்கீகாரத்துக்கான கணக்கில் நமக்குப் பூஜ்யம். கூட்டணிப் பேச்சுவார்த்தையில் எத்தனை இடம் என்று எண்ணுவோர் இதை எண்ணுவதில்லை. 2019இலும் விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நிற்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024இல் பானையைத் தேர்தல் ஆணையம் முதலில் மறுத்தது, பிறகு கிடைத்தது, இரு தொகுதியிலும் வெற்றி. 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் வந்தது. இனி அவர்களுக்கு ஒரு கையெழுத்துப் போதும். இங்கே வந்து சேர 25 ஆண்டுக்கு மேலாயிற்று.

இப்போது மேலவளவு. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. தொகுதியோ தனித் தொகுதி. காகிதத்தில் பார்த்தால் தடை என்று எதுவும் இல்லை. 1996இல் முருகேசனும் வேறு சிலரும் மனுப் போட்டார்கள். குடிசைகள் எரிந்தன. மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள், தேர்தல் தள்ளிப்போனது. டிசம்பரில் மீண்டும் நடந்தபோது வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது. மறுவாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்திலிருந்து இறக்கி அவரையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டுகள், ஒன்று மனுவே வராது, அல்லது வென்றவர் உடனே பதவி விலகுவார். 

நம் மாணவர்கள் ஒருமுறை வேட்புமனுப் படிவத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். பத்து முன்மொழிபவர்களுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. பெயர், கையொப்பம் மட்டுமல்ல, வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் எழுத வேண்டும். அந்த எண்களைக் கொண்டு எந்தத் தெரு, எந்த வீடு என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால், தேர்தல் அலுவலர் அல்லது உரிய அதிகாரி முன் நேரில் போய்த்தான் கைரேகை வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகும். யாருக்காகப் போனாய் என்று மறுநாள் வேலை கொடுப்பவர் கேட்பார்.