ட்ரயம்ப்பா, ஸ்டாண்டர்டா? மெட்ராஸ் ஹெரால்டும் ஒரு போர்டு சண்டையும்

சென்னையில கார் தயாரிப்பு எப்போ தொடங்குச்சுன்னு என் வயசுக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. இருங்காட்டுக்கோட்டை, ஹூண்டாய், 1998-ல வந்த சான்ட்ரோன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் யோசிக்கிறவங்க மறைமலைநகர் ஃபோர்டைச் சொல்லுவாங்க. ஆனா அதுக்கெல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்னாடியே இந்த ஊர்ல கார் செஞ்சு நாடு முழுக்க வித்திருக்காங்க. மறைமலைநகருக்குப் போற அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல, வண்டலூர் பக்கத்துல அந்தத் தொழிற்சாலை இருந்தது. கம்பெனி பேரு ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அவங்க செஞ்சதுலயே ரொம்பப் பேர் வாங்கின கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இந்தக் கார்களை இன்னமும் ஓட்டிட்டிருக்கிற சில பேர் சேர்ந்த ஒரு சின்ன கிளப், சென்னையில நடந்த ஒரு கிளாசிக் கார் கண்காட்சியில கலந்துக்கிட்டாங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவங்க ஸ்டால்ல எடுபிடியா நானும் நின்னேன். தண்ணி கேன் தூக்குறது, துடைக்கிறது, "தொடாதீங்க தம்பி"ன்னு சொல்றது, அவ்வளவுதான் என் வேலை. மொத்தம் ஆறு கார். ரெண்டு கதவு ஹெரால்ட் மூணு, நாலு கதவு ஹெரால்ட் ஒண்ணு, கேசல் ஒண்ணு, ஸ்டாண்டர்ட் 2000 ஒண்ணு.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சண்டை. கார் முன்னாடி வைக்கிற போர்டுல என்ன எழுதறது? ஒரு உறுப்பினர் இங்கிலாந்துலேர்ந்து ட்ரயம்ப் பேட்ஜ் வரவழைச்சு, தன் ஹெரால்டோட மூக்குல பொருத்தியிருந்தார். போர்டுலயும் 'ட்ரயம்ப் ஹெரால்ட்'னுதான் வேணும்னார். "உலகத்துக்கே அது ட்ரயம்ப்தானே சார், அதான் ஒரிஜினல்"ங்கிறது அவர் கட்சி. இன்னொருத்தர், "நம்ம ஊர்ல செஞ்ச காருக்கு எதுக்கு சார் அந்த ஊர் பேரு?"ன்னு பதில் போட்டார். விடிய விடிய ஓடுச்சு. கேட்க சில்லறைச் சண்டை மாதிரி இருக்கும். ஆனா இதுல ஒரு நல்ல வரலாற்றுக் கேள்வி இருக்கு: ஹெரால்டுக்கு எது ஒரிஜினல்?

இதுக்கு முதல்ல இங்கிலாந்துல இருக்கிற கோவென்ட்ரி நகரத்துக்குப் போகணும். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அங்கதான் 1903-ல தொடங்குச்சு. 1944-ல, நொடிச்சுப்போயிருந்த ட்ரயம்ப்ங்கிற கம்பெனியை அவங்க வாங்கினாங்க. கொஞ்ச வருஷத்துல நிலைமை தலைகீழாச்சு. ஸ்டாண்டர்ட்ங்கிற வார்த்தைக்கு ஒரு காலத்துல 'உயர்ந்த தரம்'னு அர்த்தம். அப்புறம் எல்லா கம்பெனியும் டீலக்ஸ் மாடல் விக்க ஆரம்பிச்சதும், 'ஸ்டாண்டர்ட்'னா ஒண்ணுமில்லாத அடிப்படை மாடல்னு ஆயிடுச்சு. அதனால 1959 ஏப்ரல்ல புதுக் கார் வந்தப்போ அதுக்கு ட்ரயம்ப் ஹெரால்ட்னு பேர் வச்சாங்க. 1963-ஓட இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட்ங்கிற பேர்ல கார் வர்றதே நின்னுபோச்சு.

மெட்ராஸ்ல மட்டும் அந்தப் பேர் இன்னும் 25 வருஷம் ஓடுச்சு, 1988 வரைக்கும்.  

ஹெரால்டோட டிசைன்ல ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. 1950-கள்ல கார் கம்பெனிகள் பலதும் தனி சேஸிஸை விட்டுட்டு, பாடியே மொத்த எடையையும் தாங்குற அமைப்புக்கு மாறிட்டிருந்தாங்க. ஸ்டாண்டர்டுக்கு பாடி செஞ்சு கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. அந்த மாதிரி முழு பாடி செய்ய ஆள் இல்லை. அதனால பழைய வழிக்கே திரும்பினாங்க: கீழே தனி சேஸிஸ், மேலே துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டுற பாடி. வரைஞ்சவர் ஜியோவானி மிக்கெலொட்டிங்கிற இத்தாலிக்காரர். பானெட், ரெண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே ஒரு முதலை வாய் மாதிரி திறக்கும். வண்டியை 25 அடி வட்டத்துக்குள்ள திருப்பிடலாம். கண்காட்சியில பசங்க கூட்டம் ரோல்ஸ் ராய்ஸை விட்டுட்டு எங்க பக்கம் வந்ததுக்குக் காரணமே அந்த முதலை வாய்தான்.

வேற வழியில்லாம எடுத்த ஒரு முடிவு, இன்னொரு ஊருக்கு வரமா அமைஞ்சது. துண்டு துண்டா மாட்டுற கார்னா, துண்டு துண்டா கப்பல்ல ஏத்தலாம். வந்து இறங்கின இடத்துல மாட்டலாம். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் அங்கேயே செய்யப் பழகலாம்.

நம்ம நாட்டோட அப்போதைய கொள்கையும் அதையேதான் கேட்டுச்சு. 1953-ல டாரிஃப் கமிஷன் அறிக்கைக்கு அப்புறம் அரசாங்கம் ஒரு கோடு போட்டது: வெளிநாட்டுல செஞ்சதைக் கொண்டுவந்து வெறுமனே மாட்டி விக்கிற வேலை இனி நடக்காது, இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருக்கிறவங்க மட்டும் தொழில் பண்ணலாம். 1928-லேர்ந்து பம்பாய்ல கார் மாட்டிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பிடுச்சு. ஃபோர்டும் கிளம்பிடுச்சு. கடைசியில கார் வாங்கணும்னா மூணே பேர்தான். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட்.

ஹெரால்ட் இங்க 1961-ல வந்தது. அதே 948 சி.சி. இன்ஜின், அதே முதலை வாய். ஆனா வருஷம் போகப் போக உள்ளூர்ல செஞ்ச பாகங்கள் கூடிக்கிட்டே வந்துச்சு. நம்ம தொழில் பாஷையில சொன்னா, கோவென்ட்ரியோட கோடை எடுத்து மெட்ராஸ்ல ஒரு ஃபோர்க் போட்டாங்க. கொஞ்ச நாள்லயே அது தன் வழியில போக ஆரம்பிச்சுடுச்சு.

முதல் பெரிய மாற்றம், கதவு. இங்கிலாந்துல ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். நம்ம ஊர்ல தாத்தா, பாட்டி, ரெண்டு அத்தை, நாலு குழந்தைங்க ஒரே வண்டியில ஏறணும். சேலை கட்டின பாட்டியை முன் சீட்டை மடக்கிப் பின்னாடி ஏத்துறது நடக்கிற காரியமா? 1960-களோட கடைசியில மெட்ராஸ் நாலு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. அது இந்தியாவுல மட்டும்தான் உண்டு.

ரெண்டாவது மாற்றம், பின் சக்கரம். ஹெரால்டோட பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா மேலும் கீழும் ஆடும், பறவை ரெக்கை மாதிரி. காலி வண்டியில சுகமா இருக்கும். மேலே சொன்ன அத்தனை பேரும் ஏறினா சக்கரத்தோட சாய்வே மாறிடும். மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கலை. 1972-ல கேசல்ங்கிற பேர்ல அடுத்த மாடல் வந்தப்போ அந்த அமைப்பையே தூக்கிட்டு, ரெண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு ஆக்ஸில்ல கோத்துட்டாங்க. அம்பாசடர்ல இருந்த மாதிரி, பழக்கமான, முரட்டு அமைப்பு.

இங்கிலாந்துல ஹெரால்ட் 1971-ல முடிஞ்சது. கேசல் 1977 வரைக்கும் வந்தது. அதாவது இங்கிலாந்துல ஹெரால்ட் முடிஞ்ச பிறகும், அதோட வாரிசு நம்ம ஊர்ல பிறந்துக்கிட்டே இருந்தது.

அதுக்கப்புறம் கம்பெனி எடுத்த பெரிய முயற்சி 1985-ல வந்த ஸ்டாண்டர்ட் 2000. ரோவர் எஸ்.டி.1-ங்கிற அழகான காரோட உடம்பு, அதுக்குள்ள 1940-களோட வான்கார்ட் கார் வம்சத்துல வந்த இன்ஜின். 1983 டிசம்பர்லயே மாருதி 800 ரோட்டுக்கு வந்தாச்சு. சின்னதா, சிக்கனமா ஒரு கார் கிடைக்கும்போது பெட்ரோல் குடிக்கிற பெரிய காரை யார் வாங்குவா? 1988-ல கதவை மூடிட்டாங்க.

கார் கம்பெனி மூடினா, ஏற்கெனவே வித்த கார்களுக்கு என்ன ஆகும்? சாஃப்ட்வேர்ல 'சப்போர்ட் முடிஞ்சது'ன்னு ஒரு மெயில் வரும், நாம அடுத்த வெர்ஷனுக்குப் போயிடுவோம். இங்க அடுத்த வெர்ஷனே இல்லை. பாகம் வேணும்னா புதுப்பேட்டையில தேடணும், இல்லைன்னா லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கணும், இல்லைன்னா வேற காரோட பாகத்தை உள்ளே நுழைக்கணும்.

எங்க ஸ்டால்ல இருந்த நாலு கதவு ஹெரால்ட் அப்படித்தான் பிழைச்சது. அதைக் கொண்டுவந்தவங்க ஒரு அக்கா, ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். அவங்க அப்பா வாங்கின கார். 1991-ல இன்ஜின் உடைஞ்சு, பாகம் கிடைக்காம, அப்பா வேற கம்பெனி இன்ஜினை மாட்டியிருக்கார். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முறையா எழுதி, ஆர்.சி. புத்தகத்துலயும் பதிஞ்சு வாங்கியிருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில மதிப்பெண் போட நடுவர்கள் வந்தாங்க. முதலை வாயைத் திறந்தாங்க, உள்ளே பார்த்தாங்க, ஒருத்தர் ஒருத்தரைப் பார்த்துக்கிட்டாங்க. மார்க் அங்கேயே இறங்கிடுச்சு. அக்கா சிரிச்சுக்கிட்டே, "அந்த இன்ஜின் மட்டும் போடலைன்னா இந்த வண்டி காயலான் கடைக்குத்தான் போயிருக்கும் சார்"னு சொன்னாங்க. நடுவரும் "வாஸ்தவம்தாம்மா"ன்னார். ஆனா மார்க் மார்க்தான்.

கண்காட்சியில மார்க் போனா பெருசா ஒண்ணும் இல்லை. சட்டத்துல வரும்போதுதான் இது கனமாகுது. 2021 ஜூலையில மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குன்னு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு, நம்பர்ல 'வி.ஏ.'ன்னு ரெண்டு எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிக்கன்னு சில காரணங்களுக்கு மட்டும் ரோட்டுல எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. இதுல முக்கியமான நிபந்தனை: வண்டி அதோட அசல் வடிவத்துலயே இருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது.

இந்த நிபந்தனை தப்புன்னு நான் சொல்ல வரலை. அது இல்லைன்னா எவனோ நாலு தகரத்தை ஒட்டவச்சு 'வின்டேஜ்'னு போர்டு மாட்டிடுவான். ஆனா அதை வரி வரியா படிச்சா, அக்காவோட கார் வெளியே நிக்கும். உயிர் பிழைக்க ஒரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரைப் பார்த்து, நீ பழைய ஆள் இல்லைன்னு சொல்ற மாதிரி. 1977-ல பதிவான கடைசி கேசலும் 2027-ல 50 வயசைத் தொடும். மிச்சமிருக்கிற வண்டிகள்ல எத்தனை இந்த வடிகட்டியில தங்கும்?

இப்போ அந்தப் போர்டு சண்டைக்கு வருவோம். கோவென்ட்ரியைத்தான் ஒரிஜினல்னு வச்சுக்கிட்டா, நாலாவது கதவும் கேசலோட ஆக்ஸிலும் எல்லாமே பிழைதான். அப்படிப் பார்த்தா இந்த ஊர் செஞ்ச எதுவுமே கணக்குல வராது. தொழிற்சாலையிலேர்ந்து வந்த நாள்தான் ஒரிஜினல்னு வச்சுக்கிட்டா, அதுக்கு அப்புறம் முப்பது நாப்பது வருஷம் மெக்கானிக்குகள் செஞ்ச வேலை கணக்குல வராது. ரெண்டு கட்சியும் காரோட வாழ்க்கையில ஒரே ஒரு நாளைப் பிடிச்சுக்கிட்டு, மிச்சத்தை அழிக்கப் பார்க்குது. எந்த மாற்றத்தையும் அழிக்காம, எப்போ, ஏன் மாறுச்சுன்னு பக்கத்துலயே எழுதி வச்சுட்டா அதுதான் வரலாறு. நாம கோடுக்கு தினமும் செய்யறதுதானே இது.

அக்கா அதைத்தான் செஞ்சாங்க. நடுவர்கள் போனதும், பழைய ஆர்.சி. புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, இன்ஜின் மாற்றம் பதிவான பக்கத்தைத் திறந்து, கார் முன்னாடி ஸ்டூல் மேல வச்சாங்க. போர்டையும் மார்க்கர்ல திருத்தினாங்க: "ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு, மெட்ராஸ் தயாரிப்பு. இன்ஜின் மாற்றியது 1991. காரணம்: உதிரி பாகம் கிடைக்கவில்லை." சனிக்கிழமை முழுக்க "மைலேஜ் என்ன?", "விக்கிறீங்களா?"ன்னு மட்டும் கேட்டுட்டிருந்த கூட்டம், ஞாயித்துக்கிழமை நின்னு படிச்சது. வண்டலூர்ல தொழிற்சாலையான்னு ஆச்சரியப்பட்டது. ஏன் பாகம் கிடைக்கலைன்னு கேட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னா மேலே நான் சொன்ன மொத்தக் கதையும் சொல்லியாகணும்.

சாயங்காலம் ட்ரயம்ப் பேட்ஜ்காரரும் ஒரு மார்க்கர் கேட்டு வாங்கினார். பேட்ஜைக் கழட்டலை. போர்டுல மட்டும் 'ட்ரயம்ப்'ங்கிறதை அடிச்சுட்டு 'ஸ்டாண்டர்ட்'னு எழுதி, கீழே சின்னதா ஒரு வரி சேர்த்தார்: "முன்பக்க பேட்ஜ், பின்னாளில் உரிமையாளர் ஆசைக்காகப் பொருத்தியது." எல்லாரும் கை தட்டினாங்க.

ஃபோர்டு 2022-ல மறைமலைநகர்ல தயாரிப்பை நிறுத்தினப்போ நம்மள்ல நிறைய பேர் வருத்தப்பட்டோம். அந்த வண்டிகள் இன்னமும் நம்ம தெருவுல ஓடுது. அதுக்கெல்லாம் சர்வீஸ் பில், மாத்தின பாகம்னு காகிதம் சேர ஆரம்பிச்சிருக்கும். தூக்கிப் போடாதீங்க. தாத்தா, பாட்டி வீட்டு பீரோவுல ஹெரால்ட், கேசல்னு பேர் போட்ட ஆர்.சி. புத்தகமோ, கார் முன்னாடி நின்னு எடுத்த போட்டோவோ இருந்தா, பின்பக்கம் வருஷத்தையும் ஊரையும் பென்சில்ல எழுதி வையுங்க. யார் ஓட்டினாங்கன்னும் எழுதுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.